ஒரே ஆள் ஓட்டிய சைக்கிள்

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். முகம், குணம், படிப்பு எல்லாம் அப்புறம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய வலது பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். முப்பத்தொரு வருஷம் மின்சார ஆபீஸில் மீட்டர் கணக்கெடுத்தவர். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, எல்லாம் சைக்கிளில். எந்த வீட்டு மீட்டர் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த வீட்டில் உள்ளே சண்டை நடந்தால் மணி அடிக்காமல் எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு நழுவ வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மீட்டர்காரர். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகாவது மனுஷர் அடங்கினாரா என்றால், அதுதான் இல்லை. காலையில் டீயைக் குடித்ததும் சைக்கிளை எடுப்பார், பத்து மணிக்குத் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் வீட்டில், மூன்றாம் மாடியில் வாசம். மகள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க போனை எடுத்து யார் எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. மருமகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம்தான். "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை." மூன்றாவது வாக்கியம் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ இருக்கும். பகை ஒன்றுமில்லை, மரியாதைதான். மரியாதை கூடிப்போனால் பேச்சு நின்றுவிடும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தானே.

நாலு மாசம் முன்னால், ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவைத் திடீரென்று யாரோ திறந்தார்கள். மீட்டர்காரர் அதில் மோதி விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்தது. மகள் பதினைந்து நாள் லீவு போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அழாமல் அழாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அழுதாள். அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் அவர் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"இனி அந்த சைக்கிளைத் தொட மாட்டேன் பாப்பா. போதுமா?"

போதும் என்றாள். எலும்பு கூடிவிட்டது. வாக்குதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அந்த நாலு மாசமும் அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதை அந்த வீட்டுத் தரையைத்தான் கேட்க வேண்டும். ஹாலிலிருந்து பால்கனி பதினோரு தப்படி. பால்கனியிலிருந்து சமையலறை பதினாறு. காலை ஏழு மணிக்கு வாசலில் இருக்கும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிப்பார், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "நேத்தை விட ரெண்டு யூனிட் கூட. இஸ்திரி போட்டியா பாப்பா?" மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்பாள். நடந்து போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனார். நடந்தால் இரண்டு தெருவில் முட்டி வலித்தது. சைக்கிளில் வலிக்காத முட்டி நடந்தால் வலிக்கும், அது அந்த முட்டியின் திமிர்.

இந்த நேரம் பார்த்துத்தான் சில்லறை வந்து சேர்ந்தார். சில்லறை, ஆபீஸில் பணம் வாங்கும் கவுன்டரில் இருந்தவர். யாருக்கும் மீதிச் சில்லறை கொடுத்ததே இல்லை என்பதால் அந்தப் பெயர். பழைய சாமான்களை ஏலம் விடும் தளம் ஒன்றைத் தன் போனில் காட்டினார்.

"வீட்டுல உக்காந்தபடியே விலை கேக்கலாம்பா. கெடு முடியும்போது யார் கேட்ட விலை பெருசோ பொருள் அவங்களுக்கு. நான் இதுல ஒரு மிக்ஸி எடுத்தேன்."

"ஓடுதா?"

"சத்தம் நல்லா வருது."

மீட்டர்காரரின் பாதம் தட்டுவதை நிறுத்தியது. தொட மாட்டேன் என்று சொன்னது *அந்த* சைக்கிளைத்தானே. வேறு சைக்கிளைப் பற்றி யார் பேசினார்கள்? வக்கீல் தோற்றுப்போகும் நியாயம். அன்றைக்கே சில்லறை அவருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். தளம் தானாகவே ஒரு பெயர் வைத்தது: பயனர் 4471.

மூன்று நாள் போனும் கையுமாக இருந்தார். ஒன்று துரு, ஒன்றுக்குச் சக்கரம் கோணல், ஒன்று பெண்பிள்ளைகள் ஓட்டும் குட்டி வண்டி. நாலாம் நாள் காலையில் ஒரு படம் வந்தது. கறுப்பு சைக்கிள். குறுக்குக் கம்பியில் பச்சை இன்சுலேஷன் டேப். ஹேண்டில்பாரில், மீட்டர் நோட்டை மாட்டிக்கொள்ள வெல்டிங் வைத்த ஒரு கிளிப். உலகத்தில் அப்படியொரு கிளிப் இன்னொன்று கிடையாது. வெல்டிங் பட்டறையில் பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னவரே அவர்தான். படத்தின் மூலையில் ஒரு செருப்பு தெரிந்தது. அதுவும் அவருடையதுதான்.

அவர் நேராகப் படியிறங்கிக் கீழே போனார். மாடிப்படிக்கு அடியில் சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று மகள் இரண்டு வாரம் முன்னால் சொல்லியிருந்தாள். தொட மாட்டேன் என்றவர் எந்த முகத்தோடு துருவிக் கேட்பது? அதனால் கேட்கவில்லை. இப்போது படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். "ஒரே ஆள் ஓட்டியது. நல்ல நிலை. பராமரிப்பு உண்டு." சரி, அதுவரை பெருமையாகத்தான் இருந்தது. அதற்கும் கீழே யாரோ ஒருவர் கேள்வி கேட்டிருந்தார்: "ஏன் விற்கிறீர்கள்? ஓட்டியவர் இருக்கிறாரா?" மகள் பதில் எழுதியிருந்தாள்: "இருக்கிறார். ஆனால் இனி எங்கும் போகமாட்டார்."

மீட்டர்காரர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காரில் மோதியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. சைக்கிளை விற்றால் விற்கட்டும், போனால் போகிறது. ஆனால் இதை ஊரெல்லாம் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறாளே. மேலே போய்ச் சத்தம் போடலாம் என்று எழுந்தார். இரண்டாம் மாடி வரை கோபம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து உள்ளே போய், தண்ணீர் குடித்துவிட்டு, போனில் இரண்டாயிரம் என்று போட்டார். இனி யாரிடம் அது போனாலும், அந்த வரியோடு போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது.

பத்து நிமிஷத்தில் எவனோ இரண்டாயிரத்து இருநூறு என்று கேட்டான். பயனர் 9038. இவர் இரண்டாயிரத்து ஐந்நூறு. அவன் எழுநூறு. பழைய சைக்கிளுக்கு இப்படி ஒரு பைத்தியமா என்று இவருக்கு எரிச்சல். அவனுக்கும் இவரைப் பற்றி அதே எண்ணம்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மகள் சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு.

"நான் ஆன்லைன்ல ஒரு பழைய சாமான் போட்டிருக்கேன். ரெண்டு லூசுங்க மாத்தி மாத்தி விலை ஏத்துதுங்க."

மீட்டர்காரர் தட்டைப் பார்த்தார். மருமகனும் தட்டைத்தான் பார்த்தார்.

ஏலக் கெடு ஞாயிறு மாலை நாலு மணி. கடைசி இரண்டு நிமிஷத்தில் யாராவது விலை கேட்டால் இன்னும் இரண்டு நிமிஷம் கூடும். இந்த விதியை எழுதினவன் மனுஷர் அவஸ்தையை நன்றாகப் படித்தவன். மூன்று ஐம்பதுக்கு மீட்டர்காரர் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். ஹாலில் மகளின் குரல் கேட்டது.

"ஐயாயிரத்து நூறு. புது சைக்கிளே வந்திடுமே. என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

பால்கனியிலிருந்து மருமகனின் குரல்: "பாத்துட்டுதான் இருக்கேன்."

நாலு ஐந்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு. நாலு பன்னிரண்டுக்கு ஆறாயிரத்து நானூறு. மீட்டர்காரருக்கு விரல் வியர்த்து, எண் தப்பி விழுந்து, அழித்து அழித்துப் போட்டார். கால் இரண்டும் தரையில் தாளம் போட்டன. அவன் யார், ஏன் விட மாட்டேன் என்கிறான், அவனுக்கு என்ன வேண்டும்? எதற்காக இந்த வயதில் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு சொந்த சைக்கிளுக்கே விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் நடுவில் ஒரு தடவை தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு ஏழாயிரத்து நானூறு என்று போட்டார்.

"அப்பா, அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்றீங்க? தண்ணி வீணாப் போகுது."

"வர்றேன், வர்றேன்."

இரண்டு நிமிஷம் கரைந்தது. எதிரி அசையவில்லை. திரை பச்சையாக மாறி, "வாழ்த்துகள், பொருள் உங்களுடையது" என்றது. பால்கனியில் யாரோ "சே" என்றது குளியலறை ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. மீட்டர்காரர் அந்தக் குரலை நாலு வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் வீதம் கேட்டவர். அவர் குழாயை மூடினார்.

வீடு அமைதியானது. அந்த அமைதியில் மகள், பொருளை வென்றவருக்கு முகவரியை டைப் செய்து அனுப்பினாள். நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும். குளியலறைக்குள் "டிங்" என்று சத்தம் வந்தது.

மகள் கதவைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை ஒரு புள்ளியை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். டிங்.

"வெளிய வாங்கப்பா."

வந்தார். கையில் போன், நெற்றியில் வியர்வை. பால்கனியிலிருந்து மருமகனும் வந்தார், அவர் கையிலும் போன். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குங்க?" என்றாள் கணவரிடம்.

"மாமா நடக்கிறதப் பாக்க முடியல. நான் எடுத்து கடைக்குப் பின்னால வச்சிட்டு, நீ கொஞ்சம் தணிஞ்சதும் சொல்லலாம்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றது."

"உன்கிட்டயா?"

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நீங்களாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா பாப்பா?"

"மாட்டேன்," என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். பிறகு சோபாவில் உட்கார்ந்து சொன்னாள். "நாள் முழுக்க போன் எடுக்கிற பொழப்பு எனக்கு. அன்னைக்கும் வழக்கம்போல 'வணக்கம், பல் மருத்துவமனை'ன்னு எடுத்தேன். ரோட்டுல ஒருத்தர் விழுந்து கிடக்கார், சட்டைப் பையில இந்த நம்பர் போட்ட சீட்டு இருந்துச்சு, யாருன்னு தெரியுமான்னு கேட்டாங்க. அன்னையிலிருந்து ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் உங்களப் பத்தித்தான்னு நினைச்சே எடுக்கிறேன். ஒரு நாளைக்கு எண்பது தடவை அடிக்குதுப்பா."

மீட்டர்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையைத் தடவலாமா என்று யோசித்து, சோபாவின் கையைத் தடவினார்.

"எனக்கு அது தெரியாதும்மா," என்றார். "ஆனா 'இனி எங்கும் போகமாட்டார்'னு எழுதிட்டியே. அதப் படிச்சதும், செத்துப்போன மாதிரி இருந்துச்சு எனக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். தான் எழுதியதை அப்பா படிப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்து சாவியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"கீழ மோட்டார் ரூம்ல நிக்குது. மெயின் ரோடு கிடையாது. மழைன்னா கிடையாது. நின்னுட்டிருக்கிற காரை விட்டு நாலடி தள்ளித்தான் போகணும். ஏழாயிரத்து நானூறையும் எண்ணி வைங்க."

"அப்பன்கிட்டயேவா?"

"தளத்துக்குக் கமிஷன் நான்தானே கட்டணும். ரெண்டு பேரும் சேந்து வீட்டுப் பணத்துலயே விலையை ஏத்தி விட்டுட்டு."

மருமகன் கீழே வந்து இரண்டு டயருக்கும் காற்று அடித்தார். மாமனார் ஏறும்வரை பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "பாத்துப் போங்க மாமா. பின் பிரேக்கு கொஞ்சம் தளர்வா இருக்கு. முன் பிரேக்கை ஒரேயடியாப் பிடிக்காதீங்க. திரும்பும்போது மணி அடிங்க." ஒரே மூச்சில் நாலு வாக்கியம். மீட்டர்காரர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டு, மிதித்தார். முதல் திருப்பத்தில் வண்டி ஆடியது. இரண்டாவது திருப்பத்தில் ஆடவில்லை. அதற்குமேல், பால்கனியில் நின்று பார்த்த மகளுக்குத் தெரியவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கையிலிருந்த போன் ஒலித்தது. பதறிப் பார்த்தால், அழைப்பு இல்லை, தளத்திலிருந்து ஒரு தகவல். வாங்கியவர் கருத்து எழுதியிருக்கிறார். பொருள் விவரித்தபடி இருந்ததா என்ற கேள்விக்குக் கீழே, ஒற்றை விரலால் அடித்த எழுத்துப் பிழைகளைத் திருத்திப் படித்தால், இப்படி இருந்தது:

"சைக்கிள் சொன்னபடியே இருக்கிறது. ஓட்டியவரைப் பற்றி எழுதியிருப்பது மட்டும் தவறு. அவர் இப்போது கடைத்தெருவில் நிற்கிறார். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்."

அவள் இரண்டு தடவை படித்தாள். மணி ஐந்தரை. பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள், திரும்பி வந்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரு முனையை எட்டிப் பார்த்தாள், மறுபடி நடந்தாள்.

"கொஞ்சம் உக்காரேன்," என்றார் கணவர்.

"உக்கார முடியலையே," என்றாள்.