பட்டாணிக் கொழுந்து தின்ற டெய்லரம்மா

டெய்லரம்மா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் லீலா அக்கா போன் செய்தார். "தூக்கத்துலயே போயிட்டாங்க புள்ள..."

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. இன்று மட்டும்...

மலையகத்து ஹட்டனில் போர்டிங்கில் தங்கி வேலைக்குப் போன பெண்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டை ஒட்டிய சின்னத் தையல் கடை. எண்பதைத் தாண்டியும், ஊசியில் நூல் கோர்க்க மட்டும்தான் ஆள் தேடுவார்.

நானும் அப்படித் தங்கியிருந்தவள். முதல் தடவை பிளவுஸ் தைக்கப் போனபோது டேப்பை என் தோளில் வைத்துவிட்டு, "நிமிந்து நில்லு. எந்நேரமும் புஸ்தகத்துக்குள்ள குனிஞ்சு கெடக்கிற புள்ளதானே நீ?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முதுகு சொல்லுதே! ஒனக்குப் பின்பக்கம் அரை இஞ்சு கூட வைக்கணும்."

மழைக்கு ஒதுங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் அவர் வேனில் குடியிருந்த கதை வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். அப்போது அவர் வெறும் பாக்கியம். இருபது வயது. கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், ஊர் ஊராகப் போகும் டெய்லர் சின்னையாவைக் கல்யாணம் செய்துகொண்டார். தோட்டத்தில் பேர் பதியாத மாப்பிள்ளை. அதனால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் தனி அறை, அதாவது காம்பரா, கிடைக்கவில்லை. அப்பாவின் ஒற்றைக் காம்பராவிலோ ஏற்கெனவே எட்டுப் பேர்.

பேக்கரி ரொட்டி விற்ற ஒரு பழைய பாண் வேனை வாங்கி அதிலேயே குடித்தனம் தொடங்கினார்கள். கைமெஷின், பலகைக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு... தீபாவளிக்கு முன்னால் இறம்பொடைத் தோட்டங்களில் ஜாக்கெட் தைப்பது. மலையேறும் யாத்திரை சீசனில், அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரிகர்களின் கிழிந்த பைகளைத் தைப்பது.

"தேர்ல போற சாமி மாதிரி சுத்துனோம் புள்ள. என்ன, சாமிக்கு மேல ஒழுகாது."

வயிற்றில் பிள்ளை வந்ததும் அவர் கணவரிடம் சொன்னது ஒன்றுதான். "ரோட்டோரமா பெத்துக்க மாட்டேன். நிக்கிற கூரை ஒண்ணு வேணும்."

ஆறாவது மாதம். இறம்பொடைக்கு மேலே, அடைமழையில், வேன் நின்றே போனது. நின்ற இடம் ஒரு சிங்களக் குடும்பத்தின் மரக்கறித் தோட்ட வாசல். லீக்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி. வீட்டுக்காரி பெயர் மெனிக்கே.

மாட்டுக் கொட்டகைச் சாய்ப்பில் வேனை நிறுத்திக்கொள்ளலாம், இருவரும் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும், ஒரு வாரம் பார்ப்போம் என்றாராம் மெனிக்கே. பாக்கியம் வயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. தெரிந்தால் வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ராத்திரியோடு ராத்திரியாகச் சின்னையா தொளதொளவென்று ஒரு மேல்சட்டை தைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், பட்டாணிப் பாத்தியில் களை எடுக்க விட்டார்கள்.

"கை சும்மா இருக்குமா? பதினாலு வயசுல இருந்து கிள்ளுன கையி. நான் பாட்டுக்கு எதையோ நெனச்சுக்கிட்டே போறேன்... பாத்தா மடி நெறைய பட்டாணிக் கொழுந்து!"

ஒரு பாத்தி முழுக்க நுனி இல்லாமல் நின்றது. பாத்தியின் முடிவில் மெனிக்கே நின்றார்.

"முடிஞ்சிச்சு, வேனத் தள்ளிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்னு நெனச்சேன்."

மெனிக்கே மடியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தொளதொளச் சட்டையை நிதானமாகப் பார்த்தார்.

"பபாவா?" என்றார். சிங்களத்தில் குழந்தையைக் கேட்கிறார். பாக்கியம் தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளைத்தாய்ச்சி, வாய் கேட்டுப் பறித்திருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டார் மெனிக்கே!

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? ஒரு பிடி அள்ளி வாயில போட்டு மென்னேன். அந்தம்மா நவுராமப் பாத்துக்கிட்டே நிக்குது. இன்னொரு பிடி... அப்புறம் இன்னொரு பிடி..."

எதிர்ப் பாத்தியில் மண்வெட்டியோடு வாய் பிளந்து நின்ற சின்னையா அப்புறம் சொன்னாராம். "ஆடுகூட இவ்வளவு வேகமா மேயாது பாக்கியம்."

சாயங்காலம் மிச்சக் கொழுந்தைத் தேங்காய்ப்பூ போட்டு வதக்கி எடுத்துக்கொண்டு மெனிக்கே வேனுக்கே வந்தார். இனி இதில் படுக்க வேண்டாம், அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படு, மற்றதைப் பபா வந்த பிறகு பேசலாம் என்றார்.

லீலா அக்கா பிறந்தது அந்த அறையில்தான். பெயர் வைத்ததும் மெனிக்கேதான்.

"உண்மையைச் சொல்லவே இல்லையா?"

"புள்ள பொறந்து பதினாறு நாள் கழிச்சுச் சொன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல தொட்டில்ல தூங்குன புள்ள முழிச்சிருச்சு."

"அந்தப் பாத்தி காய்ச்சுச்சா?"

"காய்ச்சுச்சு... லேட்டா."

ஒரு வருஷம் அங்கே இருந்தார்கள். உருளைக்கிழங்கு தோண்டினார்கள், சாக்குத் தைத்தார்கள், வேனையும் ஒருவழியாக ரிப்பேர் செய்தார்கள். லீலா அக்கா தவழ ஆரம்பித்த பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள்.

"கெளம்புறப்ப மெனிக்கே அழுதாங்க. நான் அழல புள்ள. எனக்கு அடுத்த ஊரப் பாக்கணும்னு இருந்துச்சு."

நாளை மத்தியானம் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து முதல் ரயிலில் வந்துவிடுகிறேன்.

அடுத்த ஊர் நல்லா இருக்கட்டும், டெய்லரம்மா.