அவரிடம் கேட்டீர்களா?

என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள நீள அறையில் என் அக்கா வகுப்பு எடுக்கிறாள். சின்னக் கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்தைப் பற்றி சமூக ஊடகத்தில் எப்படி எழுதுவது, எப்படிப் படம் போடுவது என்பதுதான் பாடம். எட்டு வாரம். 'பொய் சொல்லாமல் விற்பது எப்படி?' என்று மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். நாற்காலி போடுவதும் யார் வந்தார்கள், வரவில்லை என்று குறிப்பதும் என் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

அக்காவிடம் பாடம் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேக் கடைக்கார அம்மா 'சுத்தமான வெண்ணெயில் செய்தது' என்று எழுதிக்கொண்டு வந்தார். அக்கா விடுவாளா? குடைந்து குடைந்து கேட்டு, பாதிதான் வெண்ணெய் என்று அவர் வாயாலேயே வரவழைத்துவிட்டாள்.

"அப்ப பாதின்னே போடுங்க."

"பாதின்னு போட்டா யாரு வாங்குவா?"

"பாதின்னு தெரிஞ்சு வாங்கறவங்க வாங்குவாங்க."

மெத்தைக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். மெத்தை எப்படி இருக்கிறது என்று படுத்துப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாராம். இவர் அதை வீடியோ எடுத்து வைத்திருந்தார். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா என்பது அவர் கட்சி.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் அக்கா.

"தூங்கறவர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

"எழுந்ததும் கேளுங்க."

அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒருவருடைய முகத்தையோ கதையையோ, அவர் வாயால் சரி என்று சொல்லாமல் போடக்கூடாது. மற்றதில் எல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுப்பாள். இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஏன் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா முன்பு பை தைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மாமா இறந்த பிறகு வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டாள். தானே வெட்டி, தானே தைத்து, தானே படம் பிடித்துப் போட்டு விற்றாள். ஒரே மகள். மெஷினுக்குக் கீழே விழும் துணி வெட்டுகளோடு விளையாடியே வளர்ந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குத் துணுக்கு என்று பெயர்.

துணுக்குக்குப் பதினைந்து வயதிருக்கும். அம்மா தைத்த பையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, "எனக்குக் கடைப் பை வாங்கிக் குடும்மா" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அந்த அழுகையைப் போனில் வீடியோ பிடித்தாள். 'நான் தைத்த பை என் மகளையே அழவைத்தது. அதனால் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகத் தைத்தேன்' என்று எழுதிப் போட்டாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பார்த்தவர்களுக்கெல்லாம் மனசு கரைந்தது, ஆர்டர் வந்து குவிந்தது. எடுத்துவிடச் சொல்லி மகள் கெஞ்சினாள். "இந்த ஒரு வாரம் மட்டும் இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. பத்தொன்பதாவது நாள்தான் எடுத்தாள். அதற்குள் யார் யார் போனுக்கோ அது போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் துணுக்குக்கு 'அழுமூஞ்சிப் பை' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அவள் மூட்டையைக் கட்டினாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். அம்மாவோடு ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அவள் ஊரை விட்டுப் போன அதே மாதம் அக்கா நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தை மூடினாள், மெஷின்களைக் கொடுத்துவிட்டாள். பைத்தியம் என்றார்கள். நானும்தான் சொன்னேன். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு இந்த வகுப்பை ஆரம்பித்தாள்.

துணுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவாள். என் போன் அடித்ததும் அக்கா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒட்டுக்கேட்க மாட்டாள். பேசி முடித்த பிறகு வந்து, "குரல் எப்படி இருந்துச்சு? சளி கிளி பிடிச்சிருக்கா?" என்பாள். அவ்வளவுதான். என் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவள்மேல் எரிந்து விழுவேன்.

இந்தத் தடவை வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, துணுக்கு சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தி, நான் பை தைச்சு விக்கறேன். சின்னக் கடைதான். ஆனா அதைப் பத்தி எழுதிப் போடப் பயமா இருக்கு. அவங்க கிளாஸ்ல சேந்துக்கட்டுமா? நான்தான்னு சொல்லக்கூடாது."

கடைப் பெயரில் சேர்த்துக்கொண்டேன். தூரத்திலிருந்து சேருகிறவர்களுக்காக முன்வரிசை நாற்காலியில் ஒரு லேப்டாப் வைப்போம். அதில் அவள் ஒரு கறுப்புக் கட்டம். கடைப் பெயர் மட்டும் தெரியும். முகமும் இல்லை, குரலும் இல்லை, சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்பாள். காதும் காதும் வைத்தமாதிரி காரியத்தை முடித்துவிட்டேன் என்று நான் மிதப்பாக இருந்தேன். மூன்றாவது வாரம்தான் கவனித்தேன், அக்கா வகுப்புக்குப் போகும்முன் தலை சீவிக்கொள்கிறாள். மற்றவர்களை "கேமராவைப் போடுங்க, முகத்தைப் பாத்துப் பேசணும்" என்று விரட்டுகிறவள், அந்தக் கட்டத்திடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் வாரமே பையோட படம் அனுப்பியிருந்தாளே. கைப்பிடியை மடிச்சிருக்கிற விதத்தைப் பாத்தேன்."

"அப்ப பேச வேண்டியதுதானே?"

"அவ பாடம் கேக்க வந்திருக்கா. நான் அதைக் கெடுக்கமாட்டேன்."

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என் அக்கா அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினாள். வகுப்பு முடிந்து கட்டம் மறைந்த பிறகும் லேப்டாப்பை மூட அவளுக்கு மனசு வராது. நான்தான் பிடுங்கி மூடுவேன்.

ஏழாவது வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தாள். 'ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன்?' மூன்று வரி, மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். துணுக்கின் மூன்று வரி வியாழக்கிழமை வந்தது.

'பை தைப்பதை என் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் இப்போது தைப்பதில்லை. என் பைகளின் உள்தையல் அவருடையதைப் போலவே இருக்கும்.'

அக்கா அதை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. ஒரு பாட்டம் அழுகை இருக்கிறது என்று நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன். வந்து பார்த்தால், எல்லோருக்கும் திருத்துகிறமாதிரியே அதன் கீழே எழுதி அனுப்பிவிட்டிருந்தாள். 'நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று வரியுமே இன்னொருவரைப் பற்றியவை. அவரிடம் கேட்டீர்களா?'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உனக்கு மூளை கீளை குழம்பிப்போச்சா? அவளே இறங்கி வந்திருக்கா, நீ வாத்தியார்தனம் பண்றே!"

"எல்லார்கிட்டயும் கேக்கறதைத்தானே கேட்டேன்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வர வேண்டிய அழைப்பும் வரவில்லை. அக்கா சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்தாள். "நான் தப்பாக் கேட்டுட்டேனா?" என்று கேட்டாள். அவள் அப்படி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பகல் நாங்கள் மேலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். அடித்தது அக்காவின் போன். எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் எடுத்தாள். வகுப்புப் பழக்கத்தில் ஸ்பீக்கரை வேறு அழுத்திவிட்டாள்.

"நான்தான்" என்றது குரல்.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லும்மா."

"கேட்டீங்களான்னு எழுதியிருந்தீங்க. அதான் கேக்கறேன்." சின்ன வயதில் 'நீ, வா, போ' என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய பெண், யாரோ ஒரு பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசினாள். மூன்று வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "உங்களைப் பத்தி இதைப் போடலாமா?"

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று தலையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "நாளைக்குக் கூப்பிடறியா?"

எல்லாம் பாழாய்ப்போனது என்றே நான் நினைத்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் துணுக்கு.

"இதே நேரத்துக்கும்மா."

போன் அணைந்ததும் பாய்ந்தேன். "சரின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஒரு நாள் வேணுமா?"

"சரின்னு சொல்லியிருந்தா, தேங்க்ஸுன்னு சொல்லிப் போனை வச்சிருப்பாடி" என்றாள் அக்கா.