கரையில் இருக்கும் ஆள்

இரண்டு மாதமாக நான் சோறு வடித்த அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்கும். இரண்டு பக்கமும் முளையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே பெரிய படகு ஏதாவது போய் அலை வந்து மோதினால் சுவர் சாயும், தட்டு அலமாரி சாயும், நானும் சாய்வேன். அடுப்பும் அதன்மேல் உலையும் மட்டும் சாயாமல் நிற்கும். வந்த அன்று அடுப்புதான் ஆடுகிறது என்று எண்ணி இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தேன். கஞ்சி என் புறங்காலில் கொட்டியது. "அத விடும்மா. அது சரியாத்தான் நிக்குது, நீதான் ஆடுற" என்றான் என் மகன் சேகர். அறுபத்தாறு வயதில் இதைக் கேட்கத்தான் விமானம் ஏறி வந்தேன்.

இது மஸ்கட். ஊருக்கு வெளியே, பணக்காரர்களின் படகுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் துறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பாய்மரப் படகில், விசிட் விசாவில், மகனோடு குடியிருந்தேன். படகு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நாகப்பட்டினத்துக்கு வடக்கே எங்கள் கரையில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. தள்ளிவிடுவோம், மீனை வாரி இறக்குவோம், ஏற மாட்டோம். இதில் மட்டும் எப்படி ஏறினாய் என்று ஊரிலிருந்து போனில் கேட்டார்கள். மீன் பிடிக்காத சாமானைப் படகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு செதில் கிடையாது, ஒரு வலை கிடையாது. மெத்தை இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, இரண்டு கக்கூஸ் இருக்கிறது. கட்டிக் கிடக்கிறவரை அது வீடு. அவிழ்த்துவிட்டால் அது எதுவாகவோ இருக்கட்டும், அப்போது நான் அதில் இருக்க மாட்டேன்.

சொந்தக்காரர் பெயர் ராபர்ட். எழுபத்தொரு வயது வெள்ளைக்காரர். துபாயில் ஏதோ பெரிய ஆபீசில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஊருக்குத் திரும்பாமல் இதை வாங்கிக்கொண்டு துபாயிலிருந்து மஸ்கட், மஸ்கட்டிலிருந்து சலாலா என்று கரையோரமாகவே போவதும் வருவதுமாக இருக்கிறார். "எல்லாத்தையும் விட்டுட்டு எளிமையா வாழுறாரும்மா" என்றான் சேகர். அந்த எளிமையைத் துடைத்துப் பளபளப்பாக வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் மகன். என்னைவிட மூத்த மனுஷன் என்னை அம்மா என்று கூப்பிடுவார். அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

அவரிடம் எனக்குச் சகிக்காதது அந்த நன்றி. விடிந்ததும் மேலே உட்கார்ந்து சூரியனுக்கு நன்றி, காபிக்கு நன்றி, துள்ளிப் போகும் மீனுக்கு நன்றி. இதற்கென்றே ஒரு நோட்டு. நாளுக்கு மூன்று எழுதியாக வேண்டுமாம், வேளைக்கு மாத்திரை போடுவது மாதிரி. ஒருநாள் கருவாடு வறுத்துக் கொடுத்தேன். கண்ணில் நீர் வழியப் பாதியைத் தின்றுவிட்டு நோட்டை எடுத்தார்.

"கருவாட்டுக்குமாடா எழுதுறாரு?"

"இல்லம்மா. இதக் குடுத்ததுக்குக் கடலுக்கு நன்றி எழுதுறாரு."

"குடுத்தது நானு. ஊருலேர்ந்து பொட்டியில வச்சிக் கொண்டாந்தேன். கடல் குடுத்துச்சாம்ல! கடல் என்ன, இவருக்கு அத்தை வீடா?"

சேகர் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ, ராபர்ட் இரு கையையும் கூப்பி "தேங்க் யூ, அம்மா" என்றார்.

கடலுக்கு நன்றி சொல்கிறவர் கடலுக்கு எதுவும் கொடுத்ததில்லை. நான் கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் தங்கல் போனார். இரண்டு நாள் கடலிலேயே கிடந்து பிடித்துவரும் தொழில் அது. கூடப் போன படகுகள் திரும்பின, அவர் படகு வரவில்லை. எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. ஆள் வரத் தாமதமானால் வீட்டுப் பெண் வாய் திறக்கக் கூடாது. அவள் கூப்பாடு போடாதவரை அவர் தொழிலில் இருக்கிறார். போட்டுவிட்டால், காணாமல் போனவர் ஆகிவிடுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மதியமே பஞ்சாயத்தார் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். நான்கு படகுகள் தேடப் போயின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. என் மாமியார் சாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கூப்பாடு போட்டுக் கொன்னவ" என்பதுதான் என் பெயர்.

அதன்பின் திருவாரூர் பஸ்ஸில் மீன்கூடை ஏற்றியே சேகரை ஐ.டி.ஐ. படிக்க வைத்தேன். கடலுக்குப் போக மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னான். சவூதியில் யான்பு என்ற ஊரில் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக எட்டு வருடம் இருந்தான். காண்ட்ராக்ட் கலாஸ், முடிந்துபோச்சு என்றார்கள், மஸ்கட் வந்தான். "மெயின்டனன்ஸ் டூட்டிம்மா" என்று போனில் சொன்னான். எதை மெயின்டனன்ஸ் செய்கிறான் என்பது ஏர்போர்ட்டிலிருந்து நேராக இந்தத் துறையில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. மருமகளுக்குத் தெரியுமாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. விசா முடிந்து திரும்பும்போது இவனையும் கையோடு இழுத்துப் போவது என்று அன்றே முடிவு கட்டினேன்.

நான் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ராபர்ட்டுக்குக் கால் அரித்தது. கரையோரமாகத் தெற்கே சூர் என்ற ஊர் வரை போய்வர வேண்டுமாம். செவ்வாய் காலை கிளம்பினால் புதன் சாயங்காலம் சேர்ந்துவிடலாம் என்றார்கள். என்னை மஸ்கட்டுக்குள்ளேயே ரூவியில் செல்வி வீட்டில் விட ஏற்பாடு. செல்வி திருச்சிக்காரி. அவள் கணவர் சேகருக்குப் பழக்கம். கிளம்பும் முன் சேகர் ஒரு தாளைக் கொடுத்தான்.

"அம்மா, இதான் முக்கியம். வியாழக்கெழம மதியம் பன்னண்டு மணிக்குள்ள நான் போன் பண்ணுவேன். பண்ணலன்னா நீ இந்த நம்பருக்குப் பண்ணு. கோஸ்ட் கார்டு, கடல் போலீசு. எழுதியிருக்கறத அப்படியே படி, போதும்."

நான் நான்காவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் இங்கிலீஷைத் தமிழில் எழுதியிருந்தான். போட் லேட். டூ மென். ப்ளீஸ் சர்ச். கீழே படகின் பெயர், போகும் ஊர்.

"கெளம்பையில என்னடா பேச்சு இது?"

"பேச்சு இல்லம்மா, ரூலு. கரையில ஒரு ஆள் இருக்கணும்."

தாளை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன்.

செல்வி நல்லவள்தான். மீனைத் தொடாமல் மீன் வாங்குகிறவள், கடைக்காரனே வெட்டிக் கழுவித் தர வேண்டும். "அம்மா, நீங்க சொகுசுப் படகுல, யாட்ல இருக்கீங்களாமே! லைஃப என்ஜாய் பண்றீங்க" என்றாள். "ரெண்டு கக்கூஸ் இருக்கு, வந்து கழுவி நீயும் என்ஜாய் பண்ணு" என்றேன். சிரித்தாள். வியாழன் வந்தது. பன்னிரண்டு அடித்தது. போன் அசையவில்லை. அடுப்படியில் இருந்த வெங்காயம் எல்லாவற்றையும் உரித்தேன். மூன்று மணிக்குச் செல்வி கேட்டாள்.

"சேகர் போன் பண்ணிட்டாராம்மா?"

"பண்ணிட்டான்."

பொய்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் பதறுவாள். அவள் பதறினாலும் அது நான் போட்ட கூப்பாடுதானே. கண்ணாடிக் கூட்டை நான் திறக்கவில்லை. கண்ணாடி போடாமலே அன்று முழுக்க இருந்தேன். வெள்ளிக்கிழமை பூண்டு உரித்தேன். அவன் தொழிலில் இருக்கிறான், தொழிலில் இருக்கிறான் என்று உரிக்கிற ஒவ்வொரு பல்லுக்கும் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் யாருடைய நம்பரிலிருந்தோ சேகர் பேசினான். குரல் கட்டிப்போயிருந்தது. செவ்வாய் இரவே எஞ்சின் நின்றிருக்கிறது, காற்றும் விழுந்துவிட்டது. பாட்டரி செத்தது, சிக்னல் மாஃபி, சுத்தமாக இல்லை. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு நீரோட்டம் இழுத்துப் போயிருக்கிறது. வியாழன் காலையோடு குடிதண்ணீர் தீர்ந்தது. வெள்ளி காலை ஓமானி மீன்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். அவர்களுடையதைப் படகு என்று நான் தாராளமாகச் சொல்வேன்.

மறுநாள் இருவரும் ரூவிக்கு வந்தார்கள். சேகரின் உதடு வெடித்திருந்தது. வாசலிலேயே நின்றான்.

"பேப்பரக் குடுத்தேனேம்மா."

"இருக்கு."

"போன் பண்ணியா?"

"இல்ல."

"ஏன்?"

"பண்ணியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."

"நான் வந்தது மீன்காரங்க பாத்ததால. நீ வாய மூடிக்கிட்டு இருந்ததால இல்ல."

போன் வந்தது என்று நான் சொன்னதை நம்பியிருந்த செல்வி என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். ராபர்ட்டின் மூக்கு தோலுரிந்து கிடந்தது. அவர் என் இரு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிக் கண் கலங்கினார். "நீ எங்களுக்காக வேண்டிக்கிட்டே இருந்திருப்பேன்னு நன்றி சொல்றாரு" என்றான் சேகர், என்னைப் பார்க்காமல். நான் கையை உருவிக்கொண்டேன். தன்னைத் தாகத்தில் விட்டவளுக்கு நன்றி சொல்கிறவரை என்ன செய்வது? என் மகன் சரியாக ஏசினான். ஏசத் தெரியாதவர் சொல்லும் நன்றி எனக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். வியாழன் மதியமே நான் பேசியிருந்தால் அவர்கள் ஒரு நாள் முன்னால் தண்ணீர் குடித்திருக்கக்கூடும்.

பழைய துறையிலேயே கட்டிப்போட்டுப் பழுதுபார்த்தார்கள், நானும் அதில் திரும்பக் குடியேறினேன். அந்த வேலை முடிந்ததும் சலாலா போவதாகப் பேச்சு வந்தது. வேலையை விடு என்று அப்போதுதான் சொன்னேன். சேகர் கத்தவில்லை.

"விடுறேம்மா. ஊருலயே வந்து இருக்கேன். அங்க எனக்கு ஒண்ணுன்னா யார்கிட்டயாவது சொல்லுவியா நீ?"

இவனை இழுத்துப் போக வந்தவள் நான். அந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கையால் இழுப்பது? "இந்தத் தடவ பேப்பரச் செல்வி அக்காகிட்ட குடுத்துடறேன்" என்றான். இரண்டு நாள் அவன் தட்டை டங்கென்று வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மீனின் செவுளைத் திறந்து பார்க்கத் தெரியாதவள் என் பிள்ளைக்குக் கரையில் ஆளா?

மூன்றாம் நாள் மேல்தட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் முன் போய் நின்றேன்.

"என்கிட்ட குடு."

"பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"படிச்சுக் காட்டு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக வாயில் பூட்டு. "போட் லேட்" என்றேன். "காத்துல கேக்கல, சத்தமா" என்றான் பாவி. கத்தினேன். "போட் லேட்! டூ மென்! ப்ளீஸ் சர்ச்!" பக்கத்துப் படகுக்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். ராபர்ட் காபிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். இங்கிலீஷ் அவர் பாஷையாயிற்றே, அந்த இரண்டு பேரில் ஒருவர் தான் என்று புரிந்திருக்கும். முகம் வெளுத்தது. நன்றி சொல்லவில்லை. வந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

அது நிலைக்கவில்லை. கிளம்பும் காலையில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். கயிறு அவிழ்ந்ததும் கரைக்கு நன்றி, காலைக்கு நன்றி. "வாய மூடிக்கிட்டு முன்னால பாருங்கய்யா!" என்று கத்தினேன். "தேங்க் யூ, அம்மா!" என்று கையாட்டினார். சேகர் கையாட்டவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக் காட்டினான். நானும் என் போனைத் தூக்கிக் காட்டினேன்.

எங்கள் கரையில் ஆள் கடலில் இறங்கியதும் பெண்கள் நின்று பார்ப்பதில்லை. திரும்பி, பின்னால் பார்க்காமல், வீட்டுக்கு நடந்துவிட வேண்டும். நானும் திரும்பினேன். நடப்பதற்கு வீடு இல்லை. என் துணிமணியும் தலையணையும் இருக்கிற வீடு பாயை விரித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெளியே செல்வியின் கார் ஹார்ன் அடித்தது. கடலுக்கு முதுகைக் காட்டியபடி நான் அங்கேயே நின்றேன்.