வேப்பிலை கட்டினீங்களா?

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் கொண்டக்டர்தான் சொன்னார்: "அக்கா, ஒங்க தோட்டத்து டொக்டர் மாத்தயா எறந்து போயிட்டாராம்." நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

எங்கள் றப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியை நடத்திய, டொக்டர் என்றே எல்லோரும் கூப்பிட்ட அருளப்பன் ஐயாவைத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. கோபக்காரர். தடுப்பூசி போட்ட பிள்ளையை அரைமணி நேரம் வாங்கில் உட்கார வைக்காமல் விடமாட்டார். வெட்டிய றப்பர் பாலோடு நிற்கும் தாய் "பால் நிறுக்க நேரமாச்சுங்க" என்றால், "பாலு எங்கயும் ஓடிறாது, உக்காருங்க" என்பார். அந்த வழக்கம் எப்படி வந்தது என்பது சிலருக்குத்தான் தெரியும்.

நான் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்ப்பதோடு, ஊசி நாளில் பெயர் கூப்பிடுவதும் என் பொறுப்பு. "போன ஊசி ஏதும் ஒத்துக்காம போச்சா?" என்று ஐயா ஒவ்வொரு தாயிடமும் கேட்பார். எல்லோரும் இல்லை என்பார்கள். அது பொய்யும் இல்லை. உடம்பு தடித்தால், நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அது நோயே அல்ல, மாரியம்மா வந்திருக்கிறாள். வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். டிஸ்பென்சரியில் போய்ச் சொன்னால் தெய்வக் குற்றம்.

என் மகள் சாந்திக்கு முதல் ஊசி போட்டு வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் தடித்தது. மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். அடுத்த ஊசிக்கு ஐயா கேட்டபோது நானும் "ஒண்ணுமில்லைங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் பிள்ளையின் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. ஐயா தொடையில் அட்ரினலின் ஏற்றி, தோட்டத்து லொறியில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்தாள்.

வேப்பிலை கட்டியதை அங்கேதான் அழுதுகொண்டே சொன்னேன். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். "நான்தாம்மா கேள்விய தப்பா கேட்டுட்டேன்" என்றார்.

அடுத்த ஊசி நாளிலிருந்து, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை காணும் அந்தக் கிறிஸ்தவர், "போன ஊசிக்கு அப்புறம் வேப்பிலை கட்டினீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். தாய்மார் கூச்சமில்லாமல் ஆமாம் என்றார்கள். அவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. எவ்வளவு நேரத்தில் தடித்தது என்று விசாரித்து, சந்தேகமான பிள்ளைகளை மட்டும் பெரியாஸ்பத்திரியில் வைத்து ஊசி போட ஏற்பாடு செய்தார். மற்றப் பிள்ளைகளை அரைமணி நேரம் வாங்கில் உட்கார வைப்பதும் அப்போது வந்த வழக்கம்தான். சாந்திக்கு அந்த ஒரு ஊசியை டொக்டர்கள் நிறுத்தினார்கள். மற்ற ஊசிகளுக்கு அவளை அவரே அங்கே கூட்டிப் போனார்.

புதிதாக வந்த டொக்டர்களிடமெல்லாம் சாந்திக்கு நடந்ததைத் தன் தவறென்றே சொல்லிவந்தார். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் முதல் தடவையே அது மாரியம்மா இல்லை, ஊசிதான் என்று எனக்குத் தெரியும். மாமியாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் அதைச் சொல்ல எத்தனையோ வருஷம் இருந்தது, சொல்லவில்லை. அவர் விட்டுப்போனவற்றில் அந்தத் தவறு மட்டும் என்னுடையது. எடுத்துக்கொள்கிறேன்.