பொல்பிட்டியவில் உருகிய சிவப்பு

மஸ்கெலியா மலைக்குளிரில் தேங்காய் எண்ணெயை ஊற்ற முடியாது; தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்கு வாய் அகன்ற போத்தலில் வைத்திருப்பார்கள். காலையில் தலைக்குத் தடவ வேண்டுமென்றால் அடுப்போரம் கொஞ்ச நேரம் காய வேண்டும், போத்தலும் சரி, ஆளும் சரி.

பிரேமினியின் உதட்டுச் சிவப்பு இந்தக் குளிரை நம்பிப் பிறந்தது. பீட்ரூட்டை மெல்லிசாகச் சீவி, அடுப்புக்கு மேலே உலர்த்தி, இடித்து, துணியில் சலித்து, எண்ணெயோடு குழைத்துச் சின்னத் தகர டப்பாவில் வைத்தால் விடிவதற்குள் இறுகிவிடும். கடையில் விற்பதைப் போலவே விரலுக்கு வழுக்கிக்கொண்டு வரும்.

அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறாள். தாய்மார் கொழுந்தெடுத்துவிட்டு வரும்வரை அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கலியாணத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். அப்போது வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றைப் பூசிக் கன்னம் தோலுரிந்து, மாதக்கணக்கில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்தாள். வாயில் வைக்க முடியாத எதையும் இனி முகத்தில் வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தாள். முடிவுகள் பொதுவாக நெடுநாள் நிற்பதில்லை. இது நின்றது.

ஜன்னலோரம் ஃபோனைச் சாய்த்து வைத்து அவள் எடுத்த வீடியோக்களை முதலில் யாரும் பார்க்கவில்லை. பிறகு பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் காளியாயியைப் பிடித்து உட்கார வைத்தாள். ஐம்பதை நெருங்கும் கொழுந்துக்காரி, நல்ல கறுப்பு, பனிக்காற்றில் வெடித்த கன்னம். முகத்தில் எண்ணெய் மினுக்கம் இருந்தால் கேமராவில் கண்ணாடி மாதிரி தெரியும். அதை அடக்க வெறும் அரிசிமா போட்டால் சாம்பல் பூசியது போலாகும். பிரேமினி அரிசிமாவில் கொக்கோத் தூளைக் கலந்து, கலந்து, காளியாயியின் கன்னத்து நிறம் வந்ததும் நிறுத்தினாள். கெட்டித் தேயிலைச் சாயத்தைத் தீக்குச்சி நுனியால் தொட்டுப் புருவம் வரைந்தாள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் நிகழ்ச்சித் தயாரிப்பாளர், சஞ்சயன், கூப்பிட்டார். ஒருமுறை ஸ்டூடியோவில் செய்துகாட்ட வேண்டும், கேமராவில் நன்றாக வந்தால் ஒவ்வொரு வாரமும் பிரேமினிக்கு ஒரு நிகழ்ச்சி, வராவிட்டால் இல்லை.

கொழும்புக்குப் போகும் விடியற்காலைப் பஸ்ஸில் இருவருக்கும் ஜன்னலோர ஆசை. காளியாயிக்குத்தான் கிடைத்தது.

"நான்தானே புள்ள நடிகை. நீ சாமான் தூக்குறவ," என்றாள்.

"ஆமாங்கக்கா, இன்னிக்கி ஒரு நாளைக்கி. நாளைக்கி வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக்கு நிக்கும்போது பாத்துக்கலாம்."

"நாளைக்கிப் பேரு கூப்பிடுறப்ப, 'யாரு அந்த அம்மா'ன்னு வேலை பிரிக்கிற கண்டாக்கே கேக்கணும். அந்த மாதிரி போட்டுவிடணும், தெரியுதா?"

நோர்ட்டன் தாண்டி வளைவு வளைவாக இறங்கி, பொல்பிட்டிய மின் நிலையத்தைக் கடந்தபோது காளியாயி சுவெட்டரைக் கழற்றினாள். பிரேமினிக்கும் கழுத்து வியர்த்தது. புதுக்காற்று, புதுச்சூடு, எல்லாமே கொண்டாட்டமாக இருந்தது. மடியிலிருந்த பையைத் தற்செயலாகத் தொட்டாள். ஈரம். எடுத்துப் பார்த்தால் டப்பாவின் ஓரத்திலிருந்து சிவப்பு எண்ணெய் கசிந்து, சேலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

"ஐயையோ, இது உருகுங்கிற நெனப்பே இல்லீங்களேக்கா!"

இது மலையில் வாழ்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. கொழும்பில் பிறந்தவளென்றால் முதல் நாளே தேன்மெழுகு சேர்த்திருப்பாள்.

காளியாயி சேலையைப் பார்த்தாள். "கொலை செஞ்சிட்டு ஓடுற மாதிரியே இருக்கு. இனி பொலிஸ்காரன் பார்த்தா நான் உன்கூட வரலன்னு சொல்லிருவேன்." இருவரும் சிரித்தார்கள். பிரேமினியின் சிரிப்பு முன்னதாகவே நின்றது. டப்பாவை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்தபடியே கொழும்புவரை உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டூடியோ அவர்களின் லயத்துக் காம்பராவைவிடப் பெரிதல்ல. இரைச்சல் பதிவாகுமென்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். விளக்குகள் அடுப்பு போலக் காந்தின. சஞ்சயன் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். உருகிய டப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஃபிரிஜ்ஜில வைச்சாலும் இந்த வெளிச்சத்தில திரும்ப உருகிப்போகும் அக்கா. எங்கட மேக்கப் பெட்டி கிடக்குது. இண்டைக்கு மட்டும் அதைப் பூசுவமோ? எனக்குப் பிறகு வேற ஆக்கள் ஸ்டூடியோ எடுத்திருக்கினம்."

பெட்டியைத் திறந்தார். அதில் இருந்த பவுடர்களில் ஒன்றுகூடக் காளியாயியின் நிறம் இல்லை. எல்லாம் அவளைவிட வெளுப்பு. அதைப் பூசினால் நிகழ்ச்சி கிடைக்கக்கூடும். கிடைப்பது வேறு யாருடைய நிகழ்ச்சியாகவோ இருக்கும்.

பிரேமினி தன் டப்பாவைத் திறந்தாள். மேலே எண்ணெய் தெளிந்து நின்றது. அடியில், வழியெல்லாம் ஆட்டாமல் பிடித்து வந்ததால், சிவப்பு முழுவதும் படிந்து கிடந்தது. எண்ணெயை ஒரு வெறும் போத்தலில் மெல்லச் சாய்த்து ஊற்றினாள். மிஞ்சிய குழம்பை விரலில் தொட்டுப் புறங்கையில் இழுத்தாள். மஸ்கெலியாவில் அது ஒருநாளும் அவ்வளவு அடர்த்தியாக வந்ததில்லை.

"அக்கா, ஒக்காருங்க! சீக்கிரம்!"

"தள்ளாதடி, நடிகைய!"

"இருங்க, பெட்டி வேணாம்," என்று பிரேமினி சஞ்சயனிடம் சொன்னாள். "கேமராவப் போடுங்க. உருகினதையும் சேர்த்தே சொல்லிடுறேன்."

கேமரா ஓடியது. ஊரில் எண்ணெய் கல்லாக இருக்கும் கதையை, பஸ்ஸில் சேலை நனைந்த கதையை, கறையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கொக்கோ கலந்த மாவை ஒற்றினாள். சாயத்தில் புருவம் வரைந்தாள். கன்னத்தில் இரண்டு விரல், உதட்டில் ஒரு விரல்.

"வாயில பட்டா என்ன செய்யிறது?" என்று காளியாயி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கேமராவைப் பார்த்துக் கேட்டாள்.

"முழுங்குங்க. பீட்ரூட்தானே."

காளியாயி உதட்டை நக்கிப் பார்த்து, "உப்பில்ல," என்றாள்.

கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

முடிந்ததும் சஞ்சயன் திரையைத் திருப்பிக் காட்டினார். வெடித்த கன்னம் அப்படியே இருந்தது. கறுப்பும் அப்படியே இருந்தது. ஆனால் கண்கள் முதலில் தெரிந்தன. மேக்கப் என்பது மறைக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அந்தத் திரையைப் பார்த்திருக்கலாம். காளியாயி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது நானேதான்," என்றாள், புகார் சொல்வது போல.

"அடுத்த கிழமையும் வாங்கோ," என்றார் சஞ்சயன். "ஒவ்வொரு கிழமையும் வாங்கோ. ஆனா மெழுகு கொஞ்சம் சேர்த்துக் கொண்டு வாங்கோ."

பிரேமினி தலையாட்டினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் காளியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, கறைபட்ட சேலையோடு, நடைபாதையிலேயே குதித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் முகத்தைக் கழுவ மாட்டேனென்று காளியாயி சொல்லிவிட்டாள். பெரட்டுக்கு இப்படியேதான் போவாளாம். பொல்பிட்டிய தாண்டி மேலே ஏறியதும் மறுபடி சுவெட்டரை மாட்டினாள். பிரேமினி பையிலிருந்து, எண்ணெயைச் சாய்த்து ஊற்றிய அந்தப் போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். எண்ணெய் அசையவில்லை. இளஞ்சிவப்பாக இறுகிக்கொண்டிருந்தது.