எலிசாவின் சிவப்பு வரிகள்

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பொனேர் தீவில் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். இந்தப் பேச்சு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் புளியோதரைக்கு நின்ற வரிசையில் கிளம்பி, ஷ்யாமளாவின் நாத்தனார் காதில் விழுந்து, அங்கிருந்து போன் வழியாக நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம், தமிழ்ப் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வெளியே வரக் காத்திருந்த நேரத்தில், ஷ்யாமளா அதை எலிசாவிடம் இறக்கிவைத்தாள்.

"உயிரோட இருக்காங்களா?"

"அதான் தெரியல. ஒருத்தர் ஐசியூங்கிறாங்க, இன்னொருத்தர் வீட்டுக்கே வந்தாச்சுங்கிறாங்க. ஆனா ஒண்ணு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. யாரோ நியூ ஜெர்சி ஆன்ட்டி போட்ட லிஸ்ட்டைப் பாத்துதான் அங்க இறங்கினாங்களாம்."

எலிசா காபியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்த ஆன்ட்டி அவள்தான்.

எலிசா தூத்துக்குடிக்காரி. கடலைப் பார்த்தே வளர்ந்தாலும் நாற்பது வயதுவரை முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அடுப்பை அணைத்தோமா என்று ரூட் ஒன் நெடுஞ்சாலையில் பாதி தூரம் போய்த் திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் நாற்பதாவது வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "முட்டி வலிக்கு டாக்டர் சொன்னாங்க" என்றாள். மறு வருடமே கணவர் கிருபைராஜைக் கூட்டிக்கொண்டு பொனேருக்குப் போனாள். படகு ஏற வேண்டாம், ஆழத்தில் குதிக்க வேண்டாம். ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், பத்தடியில் பவளப்பாறை. டைவ் இடங்களுக்கு அடையாளமாக ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். அந்தக் கற்களை நம்பி ஊரே இறங்கியது. எலிசா கல்லையும் நம்பவில்லை.

இறங்குமுன் கூலர் பெட்டிமேல் அரைமணி நேரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பாள். ஆரஞ்சுத் தோலை உரித்துப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பாள். தோல் போகிற திசைக்கு எதிராக முதலில் நீந்தினால், திரும்பும்போது தண்ணீரே கொண்டுவந்து விடும். பார்த்ததையெல்லாம் அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இறக்கம் மணலா கல்லா, நிழல் உண்டா, பக்கத்தில் முட்டை போடாத கேக் எங்கே கிடைக்கும் என்பது வரை. ஏழு வருடத்தில் பதினேழு வரிகள் சேர்ந்தன. ஊர்விட்டு ஊர் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஒருவர் போட்ட திட்டத்தை அடுத்தவர் வாங்கி அப்படியே போய்வருவதுதான் வழக்கம். எலிசா ஆன்ட்டி லிஸ்ட் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்தப் பதினேழில் நான்கு வரிகள் சிவப்பு.

மூன்று வருடத்துக்கு முன் கிழக்குக் கரையில், ஒற்றைக் கள்ளிமரத்துக்குக் கீழே ஒரு குடாவில் இறங்கினாள். மணல் இறக்கம், கண்ணாடித் தண்ணீர், கையெட்டும் தூரத்தில் ஆமை. அன்று ஆரஞ்சு கொண்டுபோகவில்லை. ஆமையின் பின்னால் போனவள் தலையைத் தூக்கியபோது கள்ளிமரம் விரலளவு சிறுத்திருந்தது. எவ்வளவு அடித்தும் கரை கிட்ட வரவில்லை. கடைசியில் எதிர்க்காமல் பக்கவாட்டில் நீந்தி, எங்கோ தள்ளிக் கத்தி போன்ற பாறையில் ஒதுங்கி, முட்டி கிழிந்து நடந்து வந்தாள். நாற்பது நிமிடம். கிருபைராஜ் காரில் தூங்கிக்கொண்டிருந்தார். "கல் வழுக்கிடுச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் நடந்ததை எழுத உட்கார்ந்தாள். அந்த லிஸ்ட்டை அவரும் படிப்பார். படித்தால் அதோடு கடல் முடிந்தது. அதனால் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பார்க்கிங், மணல், ஆமை என்று முதலில் எழுதிய வரியை அப்படியே விட்டு, நிறத்தை மட்டும் மாற்றினாள். சந்தேகப்பட்ட இன்னும் மூன்று இடங்களுக்கும் அதே நிறம். மேலே தலைப்பில், 'சிவப்பில் இருப்பது வேண்டாம்'. அது போதும் என்று நினைத்தாள்.

"அந்த லிஸ்ட் உன்கிட்ட இருக்கா?" என்றாள் ஷ்யாமளாவிடம்.

"எல்லார்கிட்டயும் இருக்கு. நம்ம வாட்ஸ்அப் குரூப்லயே போட்டாங்களே." ஷ்யாமளா தேடி எடுத்து நீட்டினாள். பல தடவை கைமாறியது என்று மேலே குறியிட்டிருந்தது. எலிசாவின் வரிகள்தான், அவளுடைய எழுத்துப் பிழை உட்பட. யாரோ நல்ல மனதோடு, வசதிக்காக, ஒன்று முதல் பதினேழு வரை நம்பர் போட்டிருந்தார்கள். தலைப்பு இல்லை. நிறமும் இல்லை. பதினேழும் ஒரே கறுப்பு.

'14. கிழக்கே ஒற்றைக் கள்ளிமரம். பார்க்கிங் உண்டு. மணல் இறக்கம். ஆமை நிச்சயம்.'

எலிசா அதை இரண்டாம் தரம் படிக்கவில்லை. காலையில் பார்த்த இன்னொரு எழுத்து கண்முன் வந்து நின்றுவிட்டது. ஆபீசில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் எழிலரசி, போன வருடம்தான் கல்யாணம், வியாழக்கிழமை கணவன் கதிரோடு பொனேருக்குப் போயிருந்தாள். லிஸ்ட் கேட்டு அவள் வந்தபோது, "குரூப்ல இருக்கு பாரு" என்று எலிசா தன் மேசையிலிருந்து நிமிராமல் சொல்லியிருந்தாள். எலிசா தன் போனைத் திறந்தாள்.

'அக்கா, ஆமை பாக்கணும்னு கதிர் ஒரே அடம். இன்னைக்கு பதினாலாம் நம்பர். ஓகேவா?'

அதற்குக் கீழே, சிக்னலில் நின்ற நேரத்தில் எலிசா தட்டிவிட்ட ஓர் இதயம்.

அவளுடைய லிஸ்ட்டில் நம்பரே கிடையாது. என்ன நம்பர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள், இதை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

"என்னப்பா, முகமே வெளுத்துப்போச்சு? உக்காரு முதல்ல."

"எழில் அங்க இருக்கா. நான் ஓகே சொல்லிட்டேன்."

"எங்க? எதுக்கு ஓகே?"

"என்னையும் அது இழுத்துட்டுப் போச்சு ஷ்யாமளா. அதே இடம். நான் யார்கிட்டயும் சொல்லல." மூன்று வருடமாகப் பூட்டி வைத்தது, பிள்ளைகள் ஓடும் தாழ்வாரத்தில் இப்படி வெளியே வந்தது.

எழிலரசியின் நம்பர் அடித்து ஓய்ந்தது. கதிருடையது நேரே குரல்பெட்டிக்குப் போனது. எலிசா தங்கும் விடுதியின் நம்பரைத் தேடி எடுத்தாள். அதையும் அவள்தான் சிபாரிசு செய்திருந்தாள். விடுதிக்கார அம்மாள் சாவகாசமாக எடுத்து, பதினோரு மணிக்கே அவர்கள் கிளம்பிவிட்டார்கள், கிழக்குப் பக்கம் வழி கேட்டார்கள் என்றாள். எலிசா கள்ளிமரத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறியது. தம்பியை வண்டியில் அனுப்புவதாகவும், போய்ச்சேர அரைமணி ஆகும் என்றும் சொன்னாள். பிறகு, மாடியில் அவர்கள் அறையில் கொஞ்ச நேரம் முன்பு ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்ததே, அது நீங்கள்தானா என்று கேட்டாள்.

லிஸ்ட்டின் கடைசியில் எலிசா எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. காரில் எதையும் வைக்காதீர்கள், திருட்டு பயம், போனை அறையிலேயே விட்டுப் போங்கள். அந்த வரியை யாரும் விட்டுவிடவில்லை.

மணி ஒன்று பத்து. அங்கேயும் அதே மணிதான்.

"தண்ணில இறங்காமலே திரும்பியிருப்பாங்கல்ல?" என்றாள் எலிசா.

ஷ்யாமளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வகுப்புக் கதவுகள் திறந்து பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். எலிசா எழிலரசியின் நம்பரை மறுபடி அழுத்தினாள். கடலிலிருந்து வெகு தூரத்தில், பூட்டிய அறையில், கட்டிலின்மேல் அது அடிப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காதிலிருந்து எடுக்கவில்லை. நான்கு தடவை அடித்தது. ஐந்து. ஆறு.