மூன்று டன்னும் ஒரு சேவலும்

என் தம்பி ஓட்டும் இழுவைப் படகில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தால்கூட, படகு எவ்வளவு தாழ்ந்தது என்று காலாலேயே சொல்லிவிடுவான். காகம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவன், இருபது வருடமாகத் தானே படகில் சேர்த்துவைத்த மூன்று டன் இரும்பைக் கவனிக்கவில்லை. அறுந்த சங்கிலிகள், கை உடைந்த நங்கூரம், செத்துப்போன எஞ்சினின் பாகங்கள். "என்னைக்காவது உதவும்" என்பான். கல்யாணத்தில் கிடைத்த அறிவுரைகளைத் தவிர எதையும் அவன் தூக்கி எறிந்ததில்லை.

படகுக்கு ஒரு விவரத்தாள் உண்டு. நீளம் பதினெட்டு மீட்டர், ஐந்நூறு குதிரைத்திறன் என்று அது பாட்டுக்குப் போகும். தலையெழுத்து இரண்டு எண்களில்தான். தண்ணீருக்குக் கீழே ஒன்றரை மீட்டருக்கு மிஞ்சினால் மேல் ஆற்றில் தரை தட்டும். தண்ணீருக்கு மேலே ஏழுக்கு மிஞ்சினால் ரயில் பாலம் இடிக்கும்.

அளக்க வந்த ஆய்வாளர், கீழே இரண்டு விரற்கடை அதிகம் என்றார். "நாளைக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, படகும் நீங்களும் துறைமுகத்துக்குத்தான்."

துறைமுகம் என்றால் மாதம் ஒருமுறைதான் வீடு. இப்போதோ வீடு ஆற்றங்கரையிலேயே. வளைவில் இரண்டு முறை ஹாரன் அடித்தால், மனைவி சாப்பாட்டு அடுக்கோடு படித்துறைக்கு வந்துவிடுவாள்.

மூன்று டன்னும் இறங்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் அவன் வழியனுப்பு விழா நடத்தாததுதான் குறை. மறுநாள் ஆய்வாளர் கீழே அளந்தார், சரி. மேலே அளந்தார்.

"இப்ப மேல ரெண்டு விரற்கடை அதிகம்."

பாரம் இறங்கியதும் படகு எழும்பிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

கம்பத்தின் உச்சியில், பழைய தகட்டை வெட்டித் தம்பியே பற்றவைத்த சேவல் ஒன்று உண்டு. ஒரு சாண் உயரம். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தம்பி மட்டும் ஆற்றைப் பார்த்தான்.

"கொஞ்சம் இரும்பை மறுபடி ஏத்திடலாமா?"

"ஏத்துங்க," என்றாள் மனைவி. "கூடவே உங்க துணிமணியையும் ஏத்துங்க. துறைமுகத்துல தேவைப்படும்."

தம்பி ரம்பத்தைப் பல்லில் கடித்தபடி கம்பத்தில் ஏறி, தன் கையாலேயே சேவலை அறுத்து இறக்கினான்; ஆய்வாளரும் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை எழுதியதை, பக்கத்தில் இருந்த அவன் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வளைவில் ஹாரன் இரண்டு முறை கேட்டது. சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரா ஏறினார்? கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டு நின்னார், அண்ணி. ஏறி அறுத்தது நான்."